எதிர்முள் இல்லாத தூண்டில்

மாலத்தீவின் கடலில் எதிர்முள் இல்லாத தூண்டிலை இரண்டு தரப்பினர் பயன்படுத்துகின்றனர். எதிர்முள் என்பது தூண்டில் முள்ளின் கூர்நுனிக்குச் சற்றுக் கீழே, பின்னோக்கிச் சீவிவிட்டது போல நிற்கும் சிறு செதிள். மீனின் வாயில் தைத்த முள் மறுபடி கழன்று வராமல் தடுப்பது அதன் வேலை. தூண்டில் போட்டுப் பழகிய பெரும்பாலோருக்கு அது இல்லாத முள் அரைகுறைக் கருவியாகவே தோன்றும். ஆனால் பல நூற்றாண்டுகளாகச் சூரை மீனை நம்பி வாழும் மாலத்தீவு மீனவர், பிடிபட்ட மீன் முள்ளில் தொங்கி நேரத்தை வீணாக்காமல் உடனே படகின் தளத்தில் விழ வேண்டும் என்பதற்காக எதிர்முள்ளை ஒதுக்கிவைத்தார். கடந்த சில பத்தாண்டுகளாக விமானமேறி அங்கு வரும் விளையாட்டு மீன்பிடியாளரோ, பிடிபட்ட மீன் அதிகக் காயமின்றிக் கடலுக்கே திரும்ப வேண்டும் என்பதற்காக அதைக் குறடால் நசுக்கிவிடுகிறார். இவ்விரு தரப்பினரும் ஒரே கடலில் எவ்வாறு அருகருகே இயங்குகின்றனர் என்பதைக் கவனிக்காமல் அங்கு மீன்பிடி விடுமுறைக்குச் சென்று வருபவர், பார்க்க வேண்டியதில் பாதியைத் தவறவிட்டுத் திரும்புகிறார்.

கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே, வடக்கு தெற்காக ஏறத்தாழ 870 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கும் 1,192 சிறு தீவுகளின் தொகுதியே மாலத்தீவு. அவற்றுள் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. இத்தீவுகள் தனித்தனியாக நிற்பவை அல்ல. கடலடியிலிருந்து எழுந்து நீர்மட்டத்தை எட்டும் பவளத்திட்டுகள் வளையம் வளையமாக அமைந்திருக்க, அவ்வளையங்களின் விளிம்பிலும் உட்புறத்திலும் மணல் சேர்ந்து உருவானவை அவை. இத்தகைய வளையத்தை உலகமெங்கும் குறிக்க வழங்கும் ‘அட்டோல்’ என்ற சொல், மாலத்தீவின் மொழியான திவெஹியிலிருந்து சென்றது. வளையத்தின் உள்ளே கடல் சில பத்து மீட்டர் ஆழத்தில் அடங்கிக் கிடக்க, வெளியே சுவர் போலச் சரிந்து பெருங்கடலின் ஆழத்துக்குப் போய்விடுகிறது. வளையத்தின் விளிம்பில் ஆங்காங்கே உள்ள திறப்புகளைத் திவெஹியில் ‘கந்து’ என்பர். ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்நீரும் வெளிநீரும் இந்தக் கந்துகளின் வழியாகவே வேகமாகப் புகுந்து வெளியேற வேண்டியிருப்பதால், சிறுமீன் கூட்டங்கள் நீரோட்டத்தில் அடித்துவரப்படுவதும் அவற்றை உண்ணும் பெருமீன்கள் திறப்பின் வாயிலில் காத்து நிற்பதும் அங்கு நாள் தவறாமல் நடக்கின்றன. மாலத்தீவில் தூண்டில் வீசுவது எங்கே என்ற கேள்விக்கான விடை ஏறத்தாழ முழுவதும் இந்த நில அமைப்பிலேயே இருக்கிறது.

எப்போது வீசுவது என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றுக் காலத்துக்கு ‘இருவை’ என்றும், எஞ்சிய மாதங்களில் மேற்கிலிருந்து மழையோடு வரும் காற்றுக் காலத்துக்கு ‘ஹுளங்கு’ என்றும் பெயர். இருவைக் காலத்தில் நீரோட்டம் மேற்கு நோக்கிச் செல்வதால் நுண்ணுயிர் மிகுந்த கலங்கல் நீர் அட்டோல்களின் மேற்குப் பக்கத்தில் திரள, கிழக்குப் பக்கம் கண்ணாடி போலத் தெளிகிறது. ஹுளங்கு வந்ததும் இந்த நிலை தலைகீழாக மாறுகிறது. இரை திரளும் பக்கத்தை மீன் நாடும், மீன் நாடும் பக்கத்தைப் படகு நாடும். இதைக் கணிக்க மாலத்தீவினர் பயன்படுத்திய நாட்காட்டி தமிழருக்கு வியப்பளிக்கக்கூடியது. ஆண்டை 13 அல்லது 14 நாள் கொண்ட 27 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ‘நகய்’ என்று அழைத்து, அதன் மழை, காற்று, கடல் நிலை, மீன் வரத்து ஆகியவற்றை அவர்கள் நினைவில் வைத்திருந்தனர். ஏப்ரல் 8 அன்று தொடங்கும் முதல் நகய்யின் பெயர் அஸ்ஸிதா, அடுத்தது புருனு, பிறகு ஒன்று ரோணு, டிசம்பர் 10 அன்று இருவைக் காலத்தைத் தொடங்கிவைப்பது மூலா, கடைசியில் வருவது ரேவா. அசுவினி, பரணி, ரோகிணி, மூலம், ரேவதி என்று மனப்பாடமாகச் சொல்லும் காதுகளுக்கு விளக்கம் தேவைப்படாது. சூரியன் கார்த்திகையில் நிற்கும் கத்திரி வெயிலைக் கணக்கிடும் அதே முறையை, எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இஸ்லாமிய நாடாக இருந்துவரும் ஒரு தீவுக்கூட்டம் கடலுக்காகக் காத்து வந்திருக்கிறது. மூலா தொடங்கும் அந்த டிசம்பர் 10-ஐத்தான் நாடு மீனவர் நாளாகவும் கொண்டாடுகிறது.

மீனவர் கடலுக்குப் புறப்படும் படகுக்கு ‘மஸ்தோணி’ என்று பெயர். ‘மஸ்’ என்றால் மீன், ‘தோணி’ என்றால் தோணிதான். மஸ் என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள் மீன் என்றாலும், பேச்சு வழக்கில் அது பெரும்பாலும் சூரையையே, அதிலும் வயிற்றில் நீளவாட்டில் கருங்கோடுகள் ஓடும் வரிச்சூரையையே குறிக்கும். ஏனைய மீன்கள் தத்தம் பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் பெற வேண்டும். 1974-இல் இயந்திரம் பொருத்தத் தொடங்கும் வரை மஸ்தோணிகள் பாயை நம்பியே ஓடின. இன்றைய மஸ்தோணி அளவில் பல மடங்கு பெருத்துவிட்ட போதிலும், சூரையைப் பிடிக்கும் முறை அடிப்படையில் மாறவில்லை. ஒரு கோல், ஒரு நரம்பு, ஒரு முள், ஒரு மனிதர், ஒரு நேரத்தில் ஒரு மீன் என்பதே அந்த முறை. வலை வீசிச் சூரை பிடிப்பதை நாடு அனுமதிப்பதில்லை.

இந்த வேலை பொழுது விடிவதற்கு முன்பே இரை பிடிப்பதில் தொடங்குகிறது. அட்டோலின் உட்புறத்தில் பவளத்திட்டை ஒட்டி விளக்கைத் தொங்கவிட்டு, அதன் வெளிச்சத்தில் கூடும் விரல் நீள வெள்ளிப் பொடிமீன்களைச் சதுர வலையை அடியிலிருந்து தூக்கி அள்ளி, படகின் வயிற்றிலேயே அமைத்த நீர்த்தொட்டியில் உயிரோடு விடுகின்றனர். கடல்நீர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறிக்கொண்டே இருப்பதால் அவை சாவதில்லை. பிறகு திறந்த கடலில் பறவைக் கூட்டம் தாழப் பறக்கும் இடத்தைத் தேடிச் செல்கின்றனர். சூரைக் கூட்டம் தென்பட்டதும் ஒருவர் பொடிமீன்களைக் கை கையாக அள்ளி வீச, பின்தளத்தின் ஓரத்தில் பொருத்திய குழாய்கள் நீர்ப்பரப்பில் மழை போலத் தண்ணீரைத் தெளிக்கின்றன. அந்தத் தெளிப்பு மேலே சிறுமீன் துள்ளுவது போன்ற தோற்றத்தைத் தருவதோடு படகின் நிழலையும் மறைக்கிறது. வெறிகொண்டு இரை தேடும் சூரை, இரையே கோக்காத பளபளக்கும் முள்ளைக் கவ்வுகிறது. பின்தளத்தில் தோளோடு தோள் உரச நிற்கும் மீனவர்கள் கோலைச் சட்டென்று மேலே வெட்டுகின்றனர். மீன் அவர்களின் தலைக்கு மேலாக வில்லாக வளைந்து பறந்து, நரம்பு தளர்ந்த கணத்தில் முள்ளிலிருந்து தானே கழன்று, பின்னாலுள்ள தளத்தில் படபடவென்று அடித்துக்கொண்டு விழுகிறது. கை மீனைத் தொடுவதே இல்லை. மீன் தரையைத் தொடும் முன்பே முள் அடுத்த மீனுக்காகத் தண்ணீரில் இருக்கிறது. எதிர்முள் இருந்திருந்தால் ஒவ்வொரு மீனையும் பிடித்து முள்ளைப் பிடுங்க வேண்டியிருக்கும். அதற்குள் கூட்டம் கலைந்துவிடும். இந்த மீன்பிடி முறைக்கு 2012-இல் கடல்வளப் பேணலுக்கான பன்னாட்டுச் சான்றிதழ் கிடைத்தது. சான்றிதழ் வழங்கியவர்கள் புதிதாக ஒன்றையும் கற்றுக்கொடுக்கவில்லை, ஏற்கனவே இருந்ததற்கு முத்திரை குத்தினார்கள் என்பதே பொருத்தம்.

பிடித்த சூரையை நான்கு துண்டமாக அரிந்து, உப்புநீரில் வேகவைத்து, புகையிட்டு, வெயிலில் மரக்கட்டை போல இறுகும்வரை உலர்த்தியதுதான் இலங்கையிலும், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் சம்பலுக்குப் பெயர் பெற்ற மாசி. 1343-இல் மாலத்தீவுக்குச் சென்று சில காலம் காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, இந்த மீன் வேகவைத்துப் புகையிடப்பட்டு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் ஏற்றுமதியாவதைக் குறிப்பிட்டிருக்கிறார். எதிர்த்திசையில், அரிசி முதல் கட்டுமானப் பொருள் வரை எல்லாவற்றையும் வெளியிலிருந்தே பெறும் அத்தீவுகளுக்குத் தூத்துக்குடித் தோணிகள் சரக்கேற்றிச் சென்று வருகின்றன.

விளையாட்டு மீன்பிடி இந்தக் கடலுக்கு வந்தது வேறொரு வழியில். வயிற்றுக்காக அன்றி மீனோடு மல்லுக்கட்டும் இன்பத்துக்காகப் பெருங்கடலில் தூண்டில் போடுவது, கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சாந்தா கத்தலீனா தீவில் சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் 1898-இல் சூரைக் கழகம் ஒன்றைத் தொடங்கியபோது விதிமுறைகளோடு கூடிய விளையாட்டாக உருப்பெற்றது. எந்தக் கனத்துக்கு எந்த நரம்பு, மீனைக் கரையேற்ற யார் யார் உதவலாம் என்பதையெல்லாம் வகுத்து உலகச் சாதனைகளைப் பதிவு செய்யும் பன்னாட்டு அமைப்பு 1939-இல் தோன்றியது. மாலத்தீவு அப்போது வெளியுலகின் சுற்றுலா வரைபடத்தில் இல்லை. 1972-இல்தான் தலைநகர் மாலேக்கு அருகில் முதல் விடுதித் தீவு திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் குரும்பா; திவெஹியில் அது இளநீரைக் குறிக்கும், தமிழில் குரும்பை என்பது பிஞ்சுத் தேங்காயைக் குறிக்கும். ஒரு தீவு, ஒரு விடுதி என்ற அரசின் கொள்கையால் வெளிநாட்டவர் நெடுங்காலம் ஆளில்லாத தீவுகளிலேயே அடைபட்டுக் கிடந்தனர். அவர்களுக்காக விடுதிகள் ஏற்பாடு செய்த பொழுதுபோக்குகளில் ஒன்றாகவே அங்கு முதலில் மீன்பிடி நுழைந்தது.

அந்தப் பழைய வடிவம் இன்றும் நிற்கிறது. சூரியன் சாயும் வேளையில் தோணி ஒன்று பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு திட்டின் ஓரத்தில் நங்கூரமிடுகிறது; கோல் கிடையாது, தங்கூசி நரம்பைச் சுற்றிய பிளாஸ்டிக் வளையமும் ஈயக் குண்டும் ஒரு துண்டு மீனும் ஆளுக்கொன்றாகக் கைக்கு வருகின்றன. நரம்பு விரலின் மேல் நழுவிக் கீழே ஓடி, ஈயம் தரையைத் தட்டுவது விரல்நுனிக்குத் தெரிந்ததும் ஒரு முழம் தூக்கிப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். விளமீன், செப்பிலி, களவா ஆகியவை கடிக்கும். தமிழ்க் கடற்கரையில் வளர்ந்த எவரும் இதைத் தனி விளையாட்டாகக் கருதமாட்டார்; ஆயினும் கடலையே முதன்முறை பார்க்கும் குழந்தைக்கும் சரி, முதியவருக்கும் சரி, இருளில் விரலில் வந்து தொடும் அந்தச் சிறு வெட்டுக்கு ஈடாக அதிக விலையுள்ள உல்லாசம் எதுவும் அத்தீவுகளில் இல்லை. அடுத்த படி, படகு ஓடும்போதே போலி இரைகளைப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரோலிங். அட்டோலின் வெளிச்சுவரை ஒட்டி இவ்வாறு ஓடினால் வஞ்சிரத்தின் உறவுமீனான வஹூவும், முதுகுத் துடுப்பைப் பாய் போல விரிக்கும் மயில்மீனும், எப்போதாவது மார்லினும் சிக்கும். இதில் உழைப்பு பெரும்பாலும் படகோட்டியுடையது. விருந்தினர் நாற்காலியில் அமர்ந்து காத்திருக்கிறார்.

மாலத்தீவின் பெயரை உலகெங்கும் உள்ள தூண்டில்காரர்களிடம் கொண்டுசேர்த்தவை இவை இரண்டும் அல்ல. ஜப்பானியர் செம்மைப்படுத்திய ‘பாப்பிங்’ என்ற முறையும், அதன் இலக்கான ‘ஜயன்ட் டிரெவாலி’ என்ற மீனும்தான். ஜிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது பாரை இனத்திலேயே மிகப் பெரியது. தட்டையான வெள்ளி உடலும், செங்குத்தாக இறங்கும் நெற்றியும், வாலடியில் கத்தி போன்ற செதிள் வரிசையும் கொண்டது. உலகச் சாதனையாகப் பதிவான மீன் 2006-இல் ஜப்பானின் தொக்காரா தீவுப் பகுதியில் பிடிபட்டது. அதன் எடை 72.8 கிலோ. மாலத்தீவில் இருபது கிலோ மீனே வந்தவரை மகிழ்விக்கும். முப்பதைத் தாண்டினால் அந்த வாரம் முழுவதும் அதைப் பற்றியே பேச்சு நடக்கும்.

பாப்பர் எனப்படும் போலி இரை, உள்ளங்கையை விட நீளமான மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் கட்டை. எடை நூறு முதல் இருநூறு கிராம். அதன் முன்முகம் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். எட்டடி நீளமுள்ள கோலால் அதை ஐம்பது, அறுபது மீட்டருக்கு வீசி, நரம்பை வெட்டி வெட்டி இழுக்கும்போது அந்தக் குழி தண்ணீரை வாரி விழுங்கி முன்னால் துப்புகிறது. ‘பளக்’ என்ற அந்தச் சத்தம், காயம்பட்ட மீன் மேற்பரப்பில் தவிப்பதாக அடியிலிருக்கும் பாரைக்குச் செய்தி சொல்கிறது. இதைக் காலை ஆறு மணி தொடங்கி மதியம் வரையிலும், பிறகு மூன்று மணி முதல் இருட்டும் வரையிலும், அசையும் படகின் முன்தளத்தில் நின்றபடி நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும். நில நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள வெயில், உப்பு, நரம்பு அறுத்த விரல்கள், தோள்வலி ஆகியவற்றைக் கடந்து நாளொன்றுக்கு இரண்டு, மூன்று மீன் கிடைத்தாலே நல்ல நாள். விடுமுறை என்ற சொல் இங்குச் சற்று இடம் மாறித்தான் பொருந்துகிறது: அலுவலகத்தில் கூலி வாங்கிச் செய்ய மறுக்கும் அளவுக்கான உழைப்பைப் பணம் கட்டிச் செய்கின்றனர்.

மீன் தாக்கும் கணத்தை முன்கூட்டி அறிவிக்கும் அடையாளம் சில சமயம் கிடைக்கும். பாப்பருக்குப் பின்னால் நீர் சற்றே உப்பி, கரிய நிழல் ஒன்று அதைத் தொடர்ந்து வரும். அதைக் கண்டதும் இழுப்பதை நிறுத்திவிடுபவர் மீனை இழந்துவிடுவார், ஏனெனில் தப்பி ஓடாத இரையை அது நம்புவதில்லை. பிறகு நீர்ப்பரப்பு வெடிக்கிறது. முதல் பத்து நொடிகளில் எல்லாம் முடிவாகிவிடும். திட்டின் இடுக்குக்குள் நரம்பைக் கொண்டுபோய்ப் பவளத்தில் அறுத்துவிட மீன் நேராகக் கீழே பாய்கிறது. ரீலின் பிடிப்பை இறுக்கி, கோலின் அடியை இடுப்புப் பட்டைக்குழியில் ஊன்றி, தூண்டில்காரர் பின்னோக்கிச் சாய்கிறார். அந்த நேரத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவர் அல்லர், படகைச் செலுத்தும் உள்ளூர்க்காரரே. மீன் கவ்விய நொடியில் இயந்திரத்தை முடுக்கித் திட்டிலிருந்து ஆழநீருக்குப் படகை இழுத்துச் செல்லத் தெரிந்தவர் இல்லாவிட்டால், எத்தனை விலையுயர்ந்த கோலும் பயன்படாது. இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் மஸ்தோணி என்பதே விடையாக இருக்கும். அங்கே தலைமை மீனவருக்குக் ‘கெயொளு’ என்று பெயர். நீரின் நிறத்தையும் பறவையின் தாழ்ச்சியையும் படிக்கும் அவருடைய கண்ணையே வெளிநாட்டு விருந்தினர் வாடகைக்கு எடுக்கிறார். ஆனால் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் புகைப்படங்களில் அவர் அரிதாகவே இடம்பெறுகிறார்.

இத்தகைய பயணத்துக்குப் பெரும்பாலோர் ஒரு வாரம் கப்பலிலேயே தங்கும் ‘சஃபாரி’ படகுகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். தாய்ப்படகில் உணவும் உறக்கமும். வீசுவதற்குச் சிறு படகு தனி. மாலேயிலிருந்து புறப்பட்டு அருகிலுள்ள அட்டோல்களைச் சுற்றலாம் என்றாலும், தேர்ந்தவர்கள் உள்நாட்டு விமானத்தில் தெற்கே சென்று ஹுவது அட்டோலிலிருந்து தொடங்குவதை விரும்புவர். உலகின் பெரிய அட்டோல்களில் ஒன்றான அதற்குத் தெற்கே நில நடுக்கோடு கடக்கிறது; கோட்டுக்கு அப்பால் ஃபுவாமுலா என்ற ஒற்றைத் தீவும், 1976 வரை பிரித்தானிய விமானப்படைத் தளம் இருந்த அட்டு அட்டோலும் உள்ளன.

மீனைப் படகருகே கொண்டுவந்த பிறகு செய்வதிலேயே இந்த விளையாட்டின் ஒழுக்கம் அடங்கியிருக்கிறது. மூன்று முனை முள்ளுக்குப் பதிலாக எதிர்முள் நசுக்கிய ஒற்றை முள், முடிச்சில்லாத ரப்பர் வலை, அடிவயிற்றையும் வாலையும் தாங்கும் ஈரக் கைகள், படமெடுக்கச் சில நொடிகள் ஆகியவை இன்று ஓரளவு நிலைபெற்ற வழக்கங்கள். பிறகு வாலைப் பிடித்துக்கொண்டு மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராக நிறுத்த, செவுள்களில் நீர் ஓடி அது மெல்ல உயிர்பெறுகிறது. கையை உதறிக்கொண்டு வாலை ஒரு முறை அடித்து நீலத்தில் மறைகிறது. பார்ப்பதற்கு இது முழுமையான மன்னிப்பு போலத் தோன்றினாலும் அப்படி அல்ல. நீண்ட போராட்டத்தில் மீனின் தசைகளில் அமிலம் சேர்ந்துவிடுகிறது. வெதுவெதுப்பான நீரில் பிராணவாயு குறைவாகவே கரைந்திருப்பதால் வெப்பமண்டலக் கடலில் அந்தக் களைப்பிலிருந்து மீள்வது கடினம். ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்படும் களவா போன்றவற்றுக்குக் காற்றுப்பை ஊதி வயிறே வாய் வழியாகப் பிதுங்கிவிடும். அவற்றை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வது பேச்சளவில்தான். பிடித்து விடுதல் என்ற கொள்கை பாரைக்குப் பெருமளவு பொருந்தும், ஆழ்மீனுக்குப் பெருமளவு பொருந்தாது என்ற வேறுபாட்டைச் சுற்றுலா விளம்பரங்கள் சொல்வதில்லை.

களைத்த மீனுக்கு மற்றோர் ஆபத்து சுறா. மாலத்தீவு 2010-இல் சுறாப் பிடிப்பை முழுவதும் தடை செய்தது. அதற்கு வித்திட்ட ஆய்வுகளில் ஒன்று 1993-இல் வெளிவந்தது: புகழ்பெற்ற ஒரு முக்குளிப்பு இடத்தில் உயிரோடு திரியும் ஒரு சாம்பல் திட்டுச் சுறா, அதைக் காண வருவோரால் ஆண்டுக்கு 33,500 டாலர் ஈட்டித் தருகிறது, அதே சுறா மீனவர் கையில் செத்தால் ஒரே முறை 32 டாலர். கணக்கு மறுக்க முடியாதது. ஆனால் அந்த 33,500 சேர்வது ஒருவரிடம், 32-ஐ இழப்பது வேறொருவர். தடைக்குப் பிறகு தூண்டிலில் மாட்டிய சூரையையும் திட்டுமீனையும் சுறா பாதியாகக் கடித்துக்கொண்டு போவதாக உள்ளூர் மீனவர்கள் முறையிட்டு வருகின்றனர். பாப்பிங் படகிலும் நரம்பின் முனையில் தலை மட்டும் மேலே வருவது அரிதன்று. வெளிநாட்டவர் அதைக் கதையாக எடுத்துச் செல்கிறார், உள்ளூர்க்காரருக்கு அது அன்றைய வரவில் விழுந்த துண்டு. இதை வைத்துத் தடையே தவறு என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. இழந்தவரின் குறையைக் கேட்காமல் கணக்கை மட்டும் எடுத்துக்காட்டுவதும் நியாயமாகாது.

திட்டுமீன்களின் கதையும் இதைப் போன்றதே. சூரை கிடைக்கும்வரை திட்டுமீனை மாலத்தீவினர் பொருட்படுத்தியதில்லை. கடல் கொந்தளித்து வெளியே போக முடியாத நாட்களுக்கே அது உணவு. விடுதிகளின் சமையலறைகள் வெள்ளைச் சதை மீனைக் கேட்கத் தொடங்கியதும், 1990-களில் களவா ஏற்றுமதி சூடுபிடித்ததும் அந்த நிலை மாறியது. 1998-லும் 2016-லும் கடல் வெப்பமேறிப் பவளங்கள் வெளிறியபோது அவற்றை அண்டி வாழும் மீன்களின் இருப்பிடமும் சுருங்கியது. ஆகவே சூரியன் சாயும் வேளையில் பத்துப் பேர் நரம்பைத் தொங்கவிடும் அந்த எளிய விளையாட்டுதான், பெரும் ஆரவாரத்தோடு பாரையைப் பிடித்து விடுபவரின் விளையாட்டைவிடத் திட்டின்மேல் அதிகச் சுமையை ஏற்றுகிறது என்று கருத இடமுண்டு. விளமீனும் களவாவும் திரும்பக் கடலுக்குப் போவதில்லை, விடுதியின் அடுப்புக்குப் போகின்றன.

ஒரு தீவு, ஒரு விடுதி என்ற சுவர் 2009-ஐ ஒட்டித் தளர்ந்து, மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி பிறந்த பிறகு, மீன்பிடி விடுமுறையின் முகமும் மாறியது. இத்தீவுகளில் மது கிடையாது. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் படகுகள் கரையிலேயே நிற்கும். நீச்சல் உடையோடு தெருவில் நடக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளுக்கு ஈடாகக் கிடைப்பது, மீனவர் வீட்டுக் காலையுணவு. தேங்காய்த் துருவலோடு சூரையும் வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சையும் கையால் பிசைந்த மஸ்ஹுனியை ரோஷி என்னும் மெல்லிய ரொட்டியோடு உண்பது அங்கு வழக்கம். மதியம் வெறும் உப்பும் நீரும் சூரையும் கொதித்த தெளிந்த கருதியா. அதையே நாள் முழுவதும் வற்றவைத்து எடுத்த கரும்பழுப்பு விழுதான ரிஹாகுரு ஒரு கரண்டி. மீன்பிடிக்க வருபவர் செய்யக் கூடாதவையும் சில உண்டு. ஈட்டித் துப்பாக்கியால் மீனைக் குத்துவதும் அத்துப்பாக்கியை நாட்டுக்குள் கொண்டுவருவதும் தடை செய்யப்பட்டவை. சுறா, திருக்கை, ஆமை, நெப்போலியன் மீன் ஆகியவற்றைப் பிடிக்கக் கூடாது. விடுதியை ஒட்டிய திட்டில் தூண்டில் போடுவதைப் பெரும்பாலான விடுதிகள் ஏற்பதில்லை.

ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் சில மணி நேரம் மிஞ்சினால், மாலேயின் வடக்குக் கரையிலுள்ள மீன் சந்தைக்குச் செல்வது நல்லது. பிற்பகல் தொழுகைக்குப் பின் மஸ்தோணிகள் ஒவ்வொன்றாகக் கரையணைய, சூரைகளை வாலைப் பிடித்து இரு கைகளிலும் கொத்தாகத் தூக்கிவந்து, ஓடு பதித்த ஈரத் தரையில் வரிசையாகப் பரப்புகின்றனர். அவற்றின் ஓரத்தில், ஈ மொய்த்துக் கிடக்கும் களவாக்களுக்கிடையே, ஒரு வாரமாக ஒருவர் தோள் வலிக்க வீசித் தேடிய பாரையும் ஒன்றிரண்டு கிடக்கும். கைத்தூண்டிலில் ஏறியது, விடுவதைப் பற்றி யாரும் நினைத்திராதது. சூரை விற்று முடியும்வரை அதன் பக்கம் யாரும் திரும்புவதில்லை. வாங்குபவர் சூரையின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கல்மேடையில் நிற்கும் அரிபவரிடம் தள்ளுகிறார். கத்தி தலையடியில் இறங்கி, முதுகெலும்பை ஒட்டி ஓடி, நான்கு செந்துண்டங்களை எடுத்து வைத்துவிட்டு, கழுவுநீரின் கீழ் ஒரு முறை புரண்டு, அடுத்த மீனுக்காகக் காத்திருக்கிறது.